மேலிருந்து இரண்டாவது அறை

நலமேடை மூன்றாவது முறையாகத் தன் ஆறு கைகளையும் மடக்கிக்கொண்டது.

"வணக்கம், பத்து அவர்களே. தாங்கள் வேண்டாம் என்று தெரிவித்திருக்கிறீர்கள். தங்கள் விருப்பத்தை மதிக்கிறோம். நலமே சூழ்க" என்றது, குழைவான பெண் குரலில்.

மேடைமேல் படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "எவன் சொன்னான் வேணாம்னு? வாசல்லயே வேணும்னு கத்திட்டுத்தானே உள்ள வந்தேன்? மூணு நாளா இதே ரோதனையா இருக்குது!"

மேடை பதில் பேசவில்லை. அதற்கு வாய் உண்டு, காது கிடையாது. செலவு மிச்சம் என்பதற்காக அல்ல, கொள்கை அது. வடக்கு நலமாளிகையின் நுழைவாயில் தொடங்கிக் கழிப்பறைக் கதவு வரைக்கும் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்: 'ஆளைக் கேட்காதே, அறையைக் கேள்.'

படுத்திருந்தவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இதயத்தில் ஒரு வால்வு தேய்ந்து, மாடிப்படி நான்கு ஏறினால் உதடு நீலமாகிவிடும். பெயர் வேண்டாம். அவளுடைய பெயரே அதுதான். சோளிங்கர் பக்கத்து வீடு ஒன்றில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இத்தோடு பெண் போதும் என்று மேலே இருக்கிறவருக்குத் தெரிவிக்க அப்பன் வைத்த பெயர். மேலே இருக்கிறவர் அந்த விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பதினான்கு வருஷம் கழித்து நான்காவதும் பெண். தகப்பனுக்கு அலுத்துப்போய், பிரசவம் பார்த்த நர்ஸ் சொன்ன பெயரையே வைத்துவிட்டார்: இசைவாணி.

அந்த இசைவாணிதான் இப்போது மேடைக்குப் பக்கத்தில் அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் இரண்டு நாளும் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமல் இன்றுதான் வந்திருந்தாள். வேண்டாம் என்று தெரிவித்திருக்கிறீர்கள் என்பது அவள் காதில் சரியாக ஏறவில்லை. அதற்கு முன்னால் வந்த சொல்தான் ஏறியது.

"பத்து அவர்களேன்னா யாருக்கா?"

"நான்தான். என்னை மட்டுமா, அந்தப் பக்கம் படுத்திருக்கிறவர், இந்தப் பக்கம் இருமுறவங்க, எல்லாரையும் பத்துன்னுதான் கூப்பிடுது. மூணு வாரமா இப்படித்தானாம்."

உடனிருப்பு மருத்துவர் செலின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். 'பத்து என்பது நோயாளிகளுக்கு நலமாளிகை வழங்கும் மதிப்புறு விளி. பத்துக்குப் பத்து என்று பொருள்படும்.' நிர்வாகத்துக்கும் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒட்டுவதற்கு வழக்கமில்லை.

இசைவாணி அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். அவள் ஒருமைப் பதிவகத்தில் மூன்றாம் நிலை வார்ப்பர். பத்து என்ற எண் எந்த அறையிலிருந்து வருகிறது என்பது இந்த மாநிலத்திலேயே ஆறு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் அந்த அறையைத் தன் கையாலேயே வார்த்தவள் அவள்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு எந்திரமும் மனிதனைத் தனக்குத் தெரிந்த மொழியில் குறித்துவைத்திருந்தது. மருத்துவ எந்திரத்தின் மொழியில் அவன் ஒரு மாதிரி, ரயில் எந்திரத்தின் மொழியில் வேறு மாதிரி. ஒன்றில் பெயருக்கு இருபது எழுத்துக்குமேல் இடமில்லை. இன்னொன்றில் காலியாக விட்டால் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒருமைப் பதிவகத்தின் பொதுவார்ப்பு வந்தது. மனிதன் என்றால் விவரத்துக்கு ஒன்றாக அறுபத்துமூன்று அறைகள், அவ்வளவுதான். வார்ப்பி என்ற எந்திரத்தில் அந்த வார்ப்பை ஒருமுறை கொடுத்தால் நாற்பத்தோரு எந்திரமொழிகளிலும் அதே மனிதனை ஊற்றித் தந்துவிடும். பேருந்துக் கதவும் பள்ளிக்கூடமும் நலமேடையும் ஒரே ஆளை ஒரே மாதிரி அறிந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கேட்கிற பழக்கமும் போயிற்று.

"டாக்டர், இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"வியாழக்கிழமை வரைக்கும் சொல்லலாம். அதுக்கு மேல என்னால பொறுப்பேத்துக்க முடியாது."

"நீங்களே கையால செஞ்சுட முடியாதா?"

செலின் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்பது வருஷமா நான் தக்காளிகூட நறுக்கலம்மா. என் வேலை உடனிருக்கிறது. இருக்கேன்."

வேண்டாம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஏன்டி மூஞ்சி இப்படிப் போவுது? நீ ஏதாச்சும் பண்ணி வச்சிருக்கியா?"

சிறு வயதில் பக்கத்து வீட்டுப் பரங்கிக்காயைத் திருடிவிட்டு வந்த நாளிலும் அக்கா இதே தொனியில்தான் கேட்டாள். எட்டாம் வகுப்போடு தன் படிப்பு நின்றுபோனாலும், ரப்பர் செருப்புக் கம்பெனியில் வார் ஒட்டி இவளைப் படிக்கவைத்தவள். அவளிடம் பொய் சொன்னால் நாக்கு ஒத்துழைக்காது.

இசைவாணி பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து மேடைமேல் வைத்தாள். "இங்க பாருக்கா. நாலு அடுக்கு. மேல ரசம், ரெண்டாவது குழம்பு, மூணாவது சோறு, அடியில கூட்டு. சில எந்திரம் மூடியில ஒட்டின பேரைப் படிச்சுட்டுத் திறக்கும். அதுங்களோட மொழிக்குப் பேர்மொழின்னு சொல்லுவோம். அந்த மொழியில வரிசை எப்படி இருந்தாலும் குழப்பம் இல்ல. இன்னும் சிலது பேரே பார்க்காது. மேலருந்து ரெண்டாவதுன்னா குழம்புதான்னு கண்ணை மூடிக்கிட்டு ஊத்தும். அது வரிசைமொழி. இந்த மேடை வரிசைமொழி."

"சரி."

"மூணு வாரத்துக்கு முன்னாடி மேல புதுசா ஒரு அடுக்கு வச்சோம்."

"என்னாத்துக்கு?"

இசைவாணி குரலைத் தாழ்த்தினாள். "பெருமிதம்."

வேண்டாம் அவளையே பார்த்தாள். செலினும் பார்த்தார்.

பொதுவார்ப்பின் பன்னிரண்டாம் பதிப்பில் வந்த ஒரே புதுமை அதுதான். தலைமை வார்ப்பாளர் முனைவர் பூவராகனின் கனவுத்திட்டம்: குடிமைப் பெருமிதம், பத்துக்கு எவ்வளவு? எல்லோருக்கும் பத்து என்று தானாகவே நிரப்பப்பட்டது. குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் நேரில் வந்து காரணம் எழுதித் தரலாம் என்றும் அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. அதை மாநிலத்தின் சாதனையாக இன்னொரு விழாவில் சொன்னார்கள்.

"முன்னாடி முதல் அறை பேரு, ரெண்டாவது அறை இசைவு. மேடை அந்த ரெண்டைத்தான் படிக்கும், மத்ததெல்லாம் உடம்புலயே அளந்துக்கும். இப்ப முதல் அறை பத்து. ரெண்டாவது அறையில..."

"என் பேரு" என்றாள் வேண்டாம்.

பிறகு வேண்டாம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, செலின் ஓடிவந்து முதுகைத் தடவவேண்டியதாயிற்று. "எங்கப்பன் வச்ச பேரு பாத்தியா! பொண்ணு வர்றதை நிறுத்தல. என் ஆபரேசனை நிறுத்திடுச்சு."

செலின் சிரிக்கவில்லை. "இசைவு அறையில வேண்டாம்னு இருந்தாத்தானே மறுப்பு? வேற எது இருந்தா?"

"எது இருந்தாலும் இசைவு."

அதுவும் பதிவகத்தின் முடிவுதான். ஆரம்பத்தில் 'சரி' என்பதை மட்டுமே இசைவு என்று வைத்திருந்தார்கள். நம் ஜனங்களோ, சொல்வதை இசைவு அறையில் எழுதிக்கொள்ளும் வாசல்பெட்டியில் ஆகட்டும், உங்க இஷ்டம், விதி விட்ட வழி, ஏதோ பாத்துச் செய்யுங்க, ம் என்று எதையெதையோ சொல்லிவைத்தார்கள். பதினோரு மாதம் பட்டியல் போட்டும் தீரவில்லை. கடைசியில், வேண்டாம் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் இசைவு என்று குழு தீர்மானித்தது.

"அப்போ போன வாரம் அந்தப் போஸ்ட்மேன்..." செலின் வாயைப் பொத்திக்கொண்டார்.

மனைவிக்குத் துணையாக வந்தவர். வாசல்பெட்டியில் தெளிவாக, 'வேண்டாம், துணைக்கு வந்தேன்' என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். செருப்பு வார் மாட்டுவதற்காகக் காலி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்தபோது குடல்வால் இல்லை. புகார் கொடுத்ததற்கு, 'தங்கள் பதிவுருவில் இசைவு உள்ளது' என்று அச்சடித்த பதில் வந்தது. இசைவு: துரைக்கண்ணு.

இந்த மூன்று வாரத்தில் மேடையில் உட்கார்ந்த ஒவ்வொருவருடைய பெயரும் அவரவருடைய இசைவாகிவிட்டது. மாநிலத்தில் மறுக்க முடிந்தவர்கள், வேண்டாம் என்று பெயர் வைக்கப்பட்ட சில பெண்கள் மட்டும்தான். அவர்களுக்கோ மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

*

முனைவர் பூவராகனின் அறைக்குள் போகிறவர்கள் முதலில் அவருடைய படத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்து, அந்தப் படத்துக்குக் கீழே அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அவரை.

"வரிசையை மாத்தணும்கிறீங்க."

"பெருமிதத்தைக் கடைசி அறையா வச்சாப் போதுங்க ஐயா. யாருக்கும் எதுவும் இடம் மாறாது. வார்க்குறதுக்கு முன்னாடியே குறிப்பு எழுதி வச்சேன்."

"படிச்சேன். பெருமிதத்தை வால்ல வைக்கச் சொல்றீங்களேன்னு வருத்தப்பட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இசைவாணி, ஒரு சமுதாயம் தன்னை எந்த வரிசையில எண்ணிப் பாக்குதோ அதுதான் அதோட நாகரிகம். விழாவுல இதைச் சொன்னப்ப எழுந்து நின்னு கைதட்டினாங்க. அதைப் போய் ஒரு வால்வுக்காக..."

"எங்க அக்காவோட வால்வுங்க ஐயா."

"புரியுது. அதுக்கு ஏன் மாநிலத்தையே திருத்தணும்? அந்த அம்மாவைத் திருத்துங்க. பேரை மாத்திக்கச் சொல்லுங்க. வேண்டும்னு வச்சுக்கட்டுமே. ஒரே நாள் வேலை."

குறிப்பு எழுதினோம், கடமை முடிந்தது என்று வார்த்துவிட்டு வந்தவள்தானே நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு இசைவாணி வெளியே வந்தாள்.

அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்துல வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிறப்ப வேண்டாம்னு கூப்பிடுவாரு. உள்ளேன் ஐயான்னு சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பேரை என் பேராக்கிக்கிட்டேன். இப்போ எந்திரத்துக்குப் புரியலைன்னு மாத்தணுமா?" என்றாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வா, போவோம். செத்தப்புறம் பேரை வச்சு என்ன பண்ண?" என்றாள்.

பெயர்த்திருத்தச் சாளரமும் வரிசைமொழிதான்.

"வணக்கம், பத்து அவர்களே. பெயரை மாற்றிக்கொள்ளத் தங்கள் இசைவு தேவை. தாங்கள் வேண்டாம் என்று தெரிவித்திருக்கிறீர்கள். பழைய பெயரே நீடிக்கும். வாழ்த்துகள்."

வேண்டாம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாகியிருந்தது. "விடுடி. என் பேரு என்னை விடாது போல" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.

*

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில் வார்ப்பிக் கூடம் காலியாக இருந்தது. கீழே கேன்டீனில் தலைமை வார்ப்பாளரின் பிறந்தநாள் கேசரி. இசைவாணி மட்டும் வார்ப்பியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெருமிதத்தைத் தூக்கி அறுபத்துநான்காவது அறையாக, எல்லாவற்றுக்கும் கீழே வைத்தாள். 'வார்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்திரம் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். தலைமை வார்ப்பாளரின் இசைவைக் கேட்கும். அவருடைய இசைவு அறையில் பெரிதாக 'வேண்டாம்' என்று இருக்கும். தனக்குத் தெரியாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்.

விரல் கட்டளைமேல் நின்றது. அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தோரு மொழிகளையும் அறிந்த வார்ப்பி எழுதப்பட்டிருப்பது, இருப்பதிலேயே பழைய மொழியில். வரிசைமொழியில்.

அழுத்தினாள்.

"தலைமை வார்ப்பாளர் பத்து அவர்களின் இசைவு சரிபார்க்கப்படுகிறது" என்றது வார்ப்பி. "இசைவு: பூவராகன். மறுப்பு ஏதுமில்லை. வார்க்கப்படுகிறது."

கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. கேசரிக்கு.

நான்கு மணிக்கு நலமேடை ஆறு கைகளையும் விரித்தது. "வணக்கம், வேண்டாம் அவர்களே. தாங்கள் வேணும் என்று தெரிவித்திருக்கிறீர்கள்."

"இப்பத்தான் மனுசி மாதிரி பேசுது" என்றாள் வேண்டாம். மயக்கம் ஏறுவதற்கு முன்னால் தங்கையின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவை ஒன்றரை மணி நேரம் நடந்தது. செலின் உடனிருந்தார். இசைவாணி வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மாளிகையில் உட்கார நாற்காலிகள் இல்லாமல் இல்லை. அவள் எதன்மேலும் உட்காரவில்லை.

*

நான்காம் நாள் பூவராகன் அழைத்தார். மேசைமேல் வார்ப்பியின் குறிப்பேடு விரிந்து கிடந்தது. ஒரே ஒரு வரியை அவர் விரலால் மறைத்து மறைத்துத் திறந்துகொண்டிருந்தார். இசைவு: பூவராகன்.

"இது என் இசைவு இல்லை" என்றார்.

"உங்க பேருதானுங்க ஐயா."

"பேரு இசைவாகாது."

"அதைத்தானுங்க அன்னைக்கே சொன்னேன்."

பெயர் இசைவாகாது என்றால் மூன்று வாரக் குடல்வால்கள் எல்லாம் எழுந்து வந்து கதவைத் தட்டும். இசைவுதான் என்றால் பெருமிதத்தை வாலில் வைத்தது அவரே. பூவராகன் பெரிய மனிதர். பெரிய மனிதர்கள் இம்மாதிரி நேரங்களில் ஒரு குழு அமைப்பார்கள்.

குழு ஒன்பது நாள் உட்கார்ந்தது. அறிக்கை சுருக்கம்தான்: பழுது அறைகளிலும் இல்லை, வரிசையிலும் இல்லை. 'வேண்டாம்' என்ற ஒரே சொல் பெயராகவும் மறுப்பாகவும் இயங்குவதே குழப்பத்தின் வேர். பதின்மூன்றாம் பதிப்பில் அந்தச் சொல் எல்லா அறைகளிலிருந்தும், எல்லா மொழிகளிலும் நீக்கப்படும்.

"அப்புறம் மறுக்கிறவங்க என்னத்தைச் சொல்லுவாங்கய்யா?" என்று கேட்டாள் இசைவாணி.

"மூணு வாரம் யாரும் மறுக்கலையே. புள்ளிவிவரம் இருக்கு." அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "வார்க்கிற வேலை உங்களுக்குத்தான். இரண்டாம் நிலைக்குப் பதவி உயர்வும் உண்டு. அப்புறம், விதி பதினேழு தெரியும்தானே? செல்லாத இசைவுல பொருத்தின உறுப்பு எதுவா இருந்தாலும் நலமாளிகை திரும்ப எடுத்துக்கும். புதன்கிழமை வார்ப்பு செல்லாதுன்னு யாராவது எழுதினா, அன்னைக்கு நடந்த அறுவை எல்லாம்... உங்க அக்காவுக்கு வால்வு நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"செய்யட்டும்."

இசைவாணி வார்த்தாள். இந்த முறை குறிப்புகூட எழுதவில்லை.

*

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டாம் இப்போது மாடிப்படியில் தங்கைக்கு முன்னால் ஏறினாள். வாசல்பெட்டியில் அக்கா, "வேணும்" என்றாள். இசைவாணி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, "வேண்டாம். துணைக்கு வந்தேன்" என்றாள். பழக்கம்தான், பயன் இருக்காது என்று மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும். பெட்டியின் திரையில் எழுத்து ஓடியது: துணைக்கு வந்தேன்.

உள்ளே மேடை அக்காவை வரவேற்றது. "வணக்கம், அவர்களே."

"பேரே காணோமே?" என்றாள் வேண்டாம். "முன்னாடி பத்தாச்சும் இருந்துச்சு."

திரை இழுக்கப்பட்டது. இசைவாணி நடைவழியில் மேடைகளை விட்டுத் தள்ளி, சுவரோரமாக நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். கால் மரத்தது. எதிரே சாதாரண மரப்பலகை ஒன்று கிடந்தது. செய்தித்தாளும் யாரோ மறந்துவிட்ட குடையும் அதன்மேல் இருந்தன. குடையை நகர்த்திவிட்டு நுனியில் உட்கார்ந்தாள்.

பலகை மெல்லச் சூடேறியது.

"வணக்கம், இசைவாணி அவர்களே. காத்திருப்போர் வசதிக்கென நலமாளிகை வழங்கும் புதிய இருக்கை இது. தங்கள் பித்தப்பையில் சிறு கல் ஒன்று உள்ளது. தங்கள் இசைவு: துணைக்கு வந்தேன். நன்றி."

இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை வந்து பூட்டிக்கொண்டது. பலகைக்கு அடியில் ஆறு கைகள் ஒவ்வொன்றாக விரிகிற சத்தம் கேட்டது. நடைவழியில் போய்க்கொண்டிருந்தவர்கள், இசைவு உள்ள ஒருவருக்குச் சிகிச்சை நடப்பதைப் பார்க்கிறவர்களைப் போல, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். செலின் ஓடிவந்தார், உடனிருந்தார்.

"வேண்டாம்!" என்று கத்தினாள் இசைவாணி. "வேண்டாம்! வேண்டாம்!"

கைகள் நிற்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"என்னடி? இங்கதான இருக்கேன்."